ஹீட்டரும் மேல்மாடிக் கதவும்

செத்தீஃப் நகரில் அந்த வாரம் பனி விட்டபாடில்லை. ஸுபீர் வீட்டு காஸ் ஹீட்டர் எரிவதும் அணைவதுமாக உயிரை வாங்கியது.

“மேல போய் உன் அண்ணன் கதவைத் தட்டு மனுஷா. ஊருக்கெல்லாம் காஸ் வேலை பாக்குறவரு நம்ம தலைக்கு மேலயே இருக்காரு,” என்றாள் மனைவி வர்தா.

“அவன் வாசல்ல நான் நிக்கணுமா? பெருநாளுக்குச் சேர்ந்து வாங்கின ஆட்டை, நான் வர்றதுக்குள்ள அறுத்தவன் அவன்.”

“ஆடு செரிச்சு எத்தனை மாசமாச்சு! கோவம் மட்டும் செரிக்கலையாக்கும்.”

“ஊர்ல பாதிச் சுவர் நான் கட்டினது. இந்தத் தகரப் பெட்டியை என்னால திறக்க முடியாதா?”

திறந்தான். பழைய பல் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தான். சுடர் நீலமாக எழுந்தது. வர்தாவை ஒரு பார்வை பார்த்தான். அதற்குள் காற்று வீச, சுடர் மறுபடி செத்தது. புகைக்குழாய் வழியாகத்தான் காற்று உள்ளே அடிக்கிறது என்று கண்டுபிடித்தான். கொத்தனாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஓட்டை இருந்தால் பூசு. பால்கனியில் நின்று, விரல் நுழையும் இடம் மட்டும் விட்டு, குழாயின் வாயைச் சிமெண்டால் பூசிவிட்டான்.

சுடர் அசையாமல் நின்றது. வீடு கதகதத்தது. சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றியது.

“அப்பா, கூண்டுல குருவி விழுந்து கிடக்கு,” என்று மகள் இக்ராம் உலுக்கினாள்.

பாட்டுக்காக அவன் உயிராய் வளர்த்த குருவி. எழுந்தவனுக்குத் தலை சுற்றியது. சமையலறையில் வர்தா சுவரோடு சரிந்து கிடந்தாள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, படிகளில் தவழ்ந்து ஏறி, அண்ணன் கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

அண்ணன் பெல்காசம் வெறுங்காலோடு ஓடிவந்தான். காஸை மூடி, வர்தாவைத் தூக்கிப் பால்கனியில் கிடத்தினான். கண் விழித்ததும் அவள் புருஷனைத் திட்டினாள். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் காட்டி அழைத்துவந்த மறுநாள், பெல்காசம் நச்சுப்புகையை வீட்டுக்குள்ளேயே அடைத்த சிமெண்டை உளியால் கொத்தியெடுத்து, காற்றைத் தடுக்கும் மூடி ஒன்றைக் குழாயில் மாட்டினான். காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை.

“அண்ணே, குடிச்சிட்டுப் போ.”

பெல்காசம் உளியைப் பையில் போட்டான். “பெருநாள்லேருந்து வெள்ளிக்கிழமை தவறாம உன் அண்ணி சமைக்கிற கூஸ்கூஸ்ல உனக்குன்னு ஒரு பங்கு எடுத்து வெச்சா, நீ வந்து தட்டுவேன்னு. தட்டினே. காஸுக்காகத்தான்டா தட்டினே.”

பையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனான். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோப்பையை ஏந்தியபடி முதல் படியில் கால் வைத்த ஸுபீர், போய் என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றான்.