யோலெத்தின் பிந்திய பேச்சு

ஹெய்த்தியில் இருக்கும் ஆறு வயது மகளிடம் "சாப்பிட்டியா" என்று தொலைபேசியில் கேட்பதற்கு அந்த வருடம், ஸ்பானியம் பேசும் சந்தியாகோ நகரில் நிமிடத்துக்கு இருநூறு பேசோ. அதே காசுக்கு வேகா சந்தையில் மூன்று நல்ல எலுமிச்சை வரும். யோலெத் எலுமிச்சை விற்று நிமிடம் வாங்கினாள். தாய்மொழியான கிரெயோலில் அவள் பேசினால் உடனே கேட்கும். ஸ்பானியத்தில் பேசினால் மறுநாள்தான் கேட்கும். செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்து விலை கேட்பாள். யோலெத் வாயை அசைப்பாள், சத்தம் வராது. புதன்கிழமை அதே வேளைக்கு, அதே தராசுக்கு மேலே, ஆளை விட்டுத் தனியாக "கிலோ எண்ணூறு, தோல் மெல்லிசு, சாறு நிறைய" என்று ஒரு பிழையில்லாத ஸ்பானியம் ஒலிக்கும்.

சந்தையில் இதைப் பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தெற்கிலிருந்து வரும் உருளைக்கிழங்கும் பிந்தித்தான் வருகிறது. ஆள் பேருந்தில் வந்துவிட்டாள், பேச்சு பின்னால் லாரியில் வருகிறது என்றான் பூசணிக்காய்க்காரன் நோல்பெர்த்தோ. சில கிழவர்கள் காலையில் வந்து, "நேத்துப் பேச்சு எதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டு, கேட்டதற்காகவே அரைக் கிலோ வாங்கிப் போனார்கள். அவளுக்குக் கூலி கொடுக்கும் கடைக்காரி சுனில்தாவுக்குத்தான் கோபம். "தப்பு வந்துடும்னு வாயிலயே வச்சு ஊறப்போடுற நீ. தப்பாவே சொல்லுடி. இங்க தராசே தப்பு, உன் பேச்சுக்கு என்ன கேடு?" என்றாள். தன் தராசைப் பற்றி அவள் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான்.

யோலெத் தப்பாகவே சொல்ல ஆரம்பித்தாள். குளிர்காலம் முடிவதற்குள் காலையில் சொன்னது மாலையில் கேட்டது. வசந்தத்தில், வாங்குபவள் கொத்தமல்லியைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள் பதில் வந்தது. கோடையில், பேரம் பேசியே பிழைக்கும் உணவு விடுதிக்காரர் ஒருவர் பெட்டியோடு எலுமிச்சையைப் பாதி விலைக்குக் கேட்டு, போன வாரம் கொடுத்ததில் சாறே இல்லை என்று சத்தம் போட்டார். "பழத்தைப் பிழிங்க ஐயா, என்னைப் பிழியாதீங்க" என்றாள் யோலெத். வாய் அசைந்ததும் சத்தம் வந்ததும் ஒரே கணத்தில். அந்தக் கடை வரிசை முழுக்கக் கை தட்டியது. அவர் முழு விலை கொடுத்துப் போனார். சுனில்தா கூலியை உயர்த்தினாள். கொஞ்சம்தான், ஆனாலும் உயர்த்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வாடகை அறையிலிருந்து ஊருக்குப் பேசினாள். மகள் கெத்லியை யோலெத்தின் அக்கா இமாகுலா வளர்த்து வந்தாள். யோலெத் பேசினாள், பேசினாள், மறுமுனையில் குழந்தை, "பெரியம்மா, யாரும் பேசல. காத்து மட்டும் வருது" என்று சொல்லித் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு விளையாடப் போனது. திங்கட்கிழமை, காலி அறையில், "கெத்லி, பல்லு விழுந்துடுச்சாமே, கூரை மேல எறிஞ்சியா?" என்று கிரெயோலில் குரல் கேட்டதாகப் பக்கத்து அறைக்காரர்கள் சொன்னார்கள்.

வியாபாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். ஒரு பக்கம் தட்டு ஏறினால் மறுபக்கம் இறங்கும். ஸ்பானியம் சூடாக வரவர, கிரெயோல் ஒரு வாரம் பிந்தியது, பிறகு ஒரு மாதம். அவள் உபாயம் செய்து பார்த்தாள்: குரல் வரவேண்டிய வேளையைக் கணக்கிட்டு, அந்த நேரத்துக்கு ஊருக்கு அழைத்துத் தொலைபேசியை அறையின் நடுவே நீட்டினாள். குரல் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆறிப்போன காய்ச்சலுக்கு மருந்து சொன்னது. முடிந்துபோன பரீட்சைக்கு ஆசி கூறியது. அம்மா தன்னைக் கேலி செய்கிறாள் என்று கெத்லி அழுதாள்.

ஒரு முறை துணிந்து, கடையில் ஸ்பானியம் பேசுவதையே நிறுத்தினாள். விரலால் விலை காட்டினாள். கிரெயோல் மளமளவென்று நெருங்கி வந்தது. மாதம் வாரமாகி, வாரம் ஒரு மணி நேரமானது. எலுமிச்சை அழுகியது. சுனில்தா கூலியைக் குறைத்து, அவளைக் கொல்லைப்புறம் கீரை கழுவ அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் பணம் போகவில்லை. இமாகுலா அழைத்து, நிதானமாகவே சொன்னாள்: "உன் குரல் பக்கத்துல வந்துடுச்சு, சந்தோஷம்டி. ஆனா குரலைக் காட்டினா பள்ளிக்கூடத்துல உள்ள விடமாட்டேங்குறாங்க. எதாவது ஒண்ணை அனுப்பு."

யோலெத் மறுநாள் எலுமிச்சைக்கு முன்னால் நின்று கூவினாள். அந்தக் குரலைக் கேட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது.

அதற்குப் பிறகு பணம் மாதம் தவறாமல் போனது. கிரெயோல் வருடக்கணக்கில் பிந்தியது. அவள் நல்ல அறைக்கு மாறினாள், கடையில் பங்காளியானாள், அதிகாரிகளிடம் வாதாடிக் குடியிருப்பு உரிமைத் தாள்கள் வாங்கினாள். மகளைக் கூட்டி வர மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்று தடவையும் நல்ல ஸ்பானியத்தில் பேசியதற்காகப் பாராட்டி, மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய அறைக்குக் குடிவந்த வெனிசுவேலா முடிதிருத்துபவன், ஞாயிறுதோறும் யாரோ ஒருத்தி யாரையோ கொஞ்சுகிறாள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். போகப்போக அந்த நேரத்தில் அவன் வானொலியை அணைத்துவிடுவான்.

கெத்லி பதினாறு வயதில் பக்கத்து நாடான டொமினிக்க எல்லைச் சந்தைக்குப் பூண்டு விற்கப் போனாள். அங்கே பேச்சு ஸ்பானியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அம்மாவை அழைத்து ஸ்பானியத்தில் பேசினாள். இரண்டு பேருக்கும் ஒரு நொடிகூடப் பிந்தாமல் கேட்டது.

"பூண்டு அங்க என்ன விலை போகுது?" என்றாள் யோலெத்.

"மழைங்க. ஏறிடுச்சு. உங்க பக்கம் எலுமிச்சை?"

"இறங்கிடுச்சு. வேற என்ன வேணும்?"

"அவ்வளவுதாங்க."

இருவருக்கும் சந்தையில் கற்ற ஸ்பானியம்தான் தெரியும். அதில் கொஞ்சுவதற்கு வார்த்தை இல்லை. மாதம் ஒரு முறை அப்படிப் பேசிக்கொண்டார்கள், மரியாதையாக, லாபமாக.

இன்றைய தேதிக்குக் கணக்கு இப்படி நிற்கிறது. அனுப்பிய பணம்: முழுவதும் சேர்ந்தது. எலுமிச்சை: விற்றது. ஸ்பானியம்: கைக்குக் கை, பாக்கி இல்லை. கிரெயோல்: கெத்லியின் ஏழு வயதுப் பிறந்தநாள் வாழ்த்துவரை பழைய அறையில் வந்து இறங்கியிருக்கிறது, பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு தாலாட்டு, இரண்டு திட்டு, வருடத்துக்கு ஒன்றாகச் சொன்ன "அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்" எல்லாமும் வரவேண்டியவை.