குளித்தால் எரிய வேண்டும்

குவாபரா தெய்ஜியின் விடுதி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பி.எச். மானி ஒன்று சிவப்பாக ஒளிரும்: 2.3. குளியல் தொட்டியிலிருந்து நேராக வரும் எண். தோக்கியோவிலிருந்து வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று இரண்டு விரலை விரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எலுமிச்சைச் சாற்றுக்குச் சமமான தண்ணீரில் குளித்தோம் என்று வீட்டில் போய்ச் சொல்லலாம் அல்லவா. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றும்.

எங்கள் ஊரில் ஊற்று கொதிக்கக் கொதிக்க வரும். அதை ஆற்ற மானமுள்ள வழி ஒன்றுதான், நீண்ட பலகையால் புரட்டுவது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கும் ஊற்றில் குழாய்த் தண்ணீர் விடுகிறவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பால்காரனை மன்னித்துவிடுவார்கள்.

எங்கள் சின்ன விடுதியில் பலகை பிடித்துப் பிடித்து அம்மாவின் வலது தோள் இறங்கிவிட்டது. அப்படிப்பட்டவளைத்தான், நான் சென்தாய் நகரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், குவாபரா ஊற்றுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று குற்றம் சாட்டினான். கிரிமுரா மிசாவோ குழாயைத் திறந்து விடுகிறாள், என் கண்ணால் பார்த்தேன் என்றான். சங்கத் தலைவர் ஓனுகி பெரியவர் ஆள் அனுப்பி அம்மாவின் தொட்டியை அளந்தார். எண் ஊற்றின் எண்ணை ஒட்டியே இருந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குவாபரா மருந்துக்கடைக்காரர் மகன். சிரித்துக்கொண்டே விளக்கினானாம்: பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தாலும் அந்த எண் ஒரு நூல்தான் நகரும், முழுசாக ஒன்று ஏற வேண்டுமென்றால் அமிலம் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும், மழைக்காலத்தில் ஊற்றே அந்த ஒரு நூல் ஆடும், ஆகவே எண்ணை நம்பாதீர்கள்.

கொடுமை என்னவென்றால், அவன் சொன்ன வேதியியல் அத்தனையும் சரி. என் பாடப்புத்தகமும் அதையேதான் சொன்னது.

அம்மாவின் ஊற்றுப் பங்கை வெட்டி, துப்புக் கொடுத்தவனுக்கே கொடுத்தார்கள். விடுதியை மூடிவிட்டு அம்மா ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் குடியிருப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு எந்த ஊற்றிலும் அவள் கால் வைக்கவில்லை.

படிப்பை முடித்துத் திரும்பி வந்து, ஆற்றில் சுண்ணாம்புப் பால் விடும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊற்றுகளின் அமிலமெல்லாம் ஆற்றில்தான் இறங்குகிறது. நாங்கள் விடாவிட்டால் கீழே மீன் இருக்காது, பாலத்தின் கான்கிரீட் இருக்காது. இந்த வேலையில் விரல் நுனிகள் வெடித்துப்போகும். வெடித்த விரலை எங்கள் ஊர்த் தண்ணீரில் வைத்தால் உயிர் போகும்.

ஒரு திங்கட்கிழமை, வெறும் வன்மத்தில், காசு கொடுத்துக் குவாபராவின் தொட்டியில் போய் இறங்கினேன். கழுத்துவரை முங்கினேன். விரல்கள் சும்மா இருந்தன.

ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரையும், இன்னொன்றில் ஊற்று வாயில் பிடித்ததையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கோப்பையில் ஊற்றி, அம்மா மாஞ்சூப் பலகார மாவில் போடும் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். ஊற்றுத் தண்ணீர் நான்கு சிட்டிகைவரை நுரைத்துப் பொங்கியது. குவாபராவின் தண்ணீர் இரண்டிலேயே அடங்கிவிட்டது. எண் மறைப்பதைச் சோடா மறைக்காது. உள்ளே எவ்வளவு அமிலம் இருக்கிறதோ அவ்வளவையும் தின்றுவிட்டுத்தான் ஓயும்.

காரணமும் எளிது. அம்மாவின் பங்கும் சேர்ந்து அவனுக்கு இரண்டு மடங்கு வெந்நீர். அந்தச் சூடு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும், ஆவியாகவோ ஒரு ஆளின் தோள் வழியாகவோ. தோள் கொடுக்க அவனுக்கு மனசில்லை. குழாயைத் திறந்துவிட்டான்.

அம்மா கோப்பையைப் பார்த்தாள். "யார் வீட்டுத் தண்ணி?"

"குவாபரா வீட்டுது."

கழுவுதொட்டியில் கொட்டிவிட்டுக் கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். சங்கத்துக்குப் போகப் போகிறாயா என்று கேட்டாள். இல்லை, மெதுவாகச் செய்யலாம் என்றேன். சூடு ஏற்றினால் வினை வேகமாக நடந்து வேகமாக முடிந்துவிடும். எனக்கு அவ்வளவு அவசரமில்லை.  அம்மா சோடாப் பொட்டலத்தை முழுசாக எடுத்து என் பைக்குள் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வரவேற்பறைக்கு வந்தேன்.

"தண்ணி இன்னிக்கு ரொம்ப சாது, குவாபரா-சான். பச்சப்புள்ளைய இறக்கலாம்."

அவன் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினான். "மிஷின் பொய் சொல்லாதும்மா."

"பொய் சொல்லாதுதான். உண்மையும் சொல்லாதுன்னு நீங்கதானே சங்கத்துல பாடம் எடுத்தீங்க."

அவன் முகத்தில் அப்போது வந்த நிறத்தை நினைத்துக்கொண்டே பல வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சமநிலையில் இருக்கிற எதையும் ஒரு பக்கம் அழுத்தினால், அந்த அழுத்தம் குறைகிற பக்கமாக அது சாயும். நான் அழுத்தினேன். முதலில் அவன் குழாயை மூடினான். தொட்டி கொதித்தது, விருந்தாளிகள் கால் வைத்ததும் அலறினார்கள். ஊற்றைக் குறைத்துப் பார்த்தான். தண்ணீர் ஓடாமல் தேங்கி ஏடு கட்டியது. ஆள் வைத்துப் புரட்டினான். அந்தத் தொட்டிக்கு ஒரு ஆள் போதவில்லை, வந்தவன் ஓடிப்போனான். கடைசியில் அவனே பலகை எடுத்தான். நான் விளிம்பில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் புரட்டணும் போல என்று சொல்லிவிட்டு வந்தேன். திருட்டுத்தனமாகக் குழாயைத் திறந்த வாரமெல்லாம் என் விரல் சொல்லிவிடும். அன்று மட்டும் வரவேற்பறையில் உட்கார்ந்து, அவன் கொடுத்த தேநீர்க் கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்து, விருந்தாளிகளுக்கு முன்னால் சோடா போட்டுக்கொண்டிருப்பேன். எதுவும் சொல்லமாட்டேன். குழந்தைகள் கைதட்டும்.

குளிர்காலம் முடிவதற்குள் அவன் வலது தோளும் இறங்கிவிட்டது.

ஒரு மதியம் நிலையத்துக்கு வந்தான். சுண்ணாம்புத் தூசியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "போய்ச் சொல்லித் தொலைச்சிடு சிஹோ. இப்படி வாரா வாரம் வந்து உக்காராத."

"நான் ஏன் சொல்லணும்? உங்களுக்கு வாய் இல்லையா?"

சங்க அறையில் ஓனுகி பெரியவரிடம் தனியாகச் சொல்லிவிடுவதாகக் கெஞ்சினான். முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பாடிக்கொண்டே தண்ணீரைப் புரட்டிக் காட்டும் பலகைப் பாட்டுக் கூடத்தில், ஊரும் வெளியூரும் உட்கார்ந்திருக்கும்போது, அம்மாவின் பேரைக் கெடுத்தது போலவே எழுந்து நின்று சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

சொன்னான். பாட்டு முடிந்ததும் எழுந்து, இரண்டு வாளியில் அவன் கையாலேயே சோடா போட்டுக் காட்டினான். தண்ணீர் கலந்தது நான்தான், அந்த வீட்டம்மா ஒருநாளும் கலந்ததில்லை, பங்குக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னேன் என்றான். பலகை பிடித்திருந்த பெண்கள் பலகையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்கள்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பேரச் சொன்னானா?"

"அந்த வீட்டம்மான்னு சொன்னாரும்மா."

"அன்னிக்கு மட்டும் பேரு முழுசா வாயில வந்துச்சே."

மறுநாள் ஓனுகி பெரியவர் பலகாரப் பெட்டியோடு வந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, ஊற்றுப் பங்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பங்கைப் பற்றி அப்புறம் பேசலாம், அவனை அடுத்த ஞாயிறும் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றாள் அம்மா. பெரியவர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு அம்மா நல்ல கிமோனோ உடுத்தி, முன்வரிசையில் ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டாள். குவாபரா அவளுக்கு நேராக மண்டியிட்டான். நெற்றி தரையில் பட்டது.

"கிரிமுரா மிசாவோ-சான்..." என்று ஆரம்பித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னான். கூடம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது வீட்டில் கெண்டி கொதித்தால் காதில் விழும் என் அம்மாவுக்கு. அவள் கையைக் காதோரம் குவித்தாள்.

"கேக்கல," என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க."