போட்டோவில் உள்ளபடி

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பரிச்ச இருக்கு."

மூலையில் பாய்மேல் உட்கார்ந்திருந்த பூர்ணிமா இதைச் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்தில் பந்தியில் இருந்தவர்களின் கைகள் இலையிலேயே நின்றுவிட்டன. அன்று காலையில்தான் அவள் கணவன் தமிழரசனுக்குக் கருமாதி முடிந்திருந்தது. காலையில்தான் அவள் தாலியை வாங்கி, வளையலை உடைத்து, நெற்றிப் பொட்டை ஈரத்துணியால் அழித்து, உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். அழ வேண்டியவள் அழுதுகொண்டிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் பரீட்சை என்கிறாள்! கொழுந்தன் நாகநாதன் கடித்த வடையை மெல்ல மறந்து தன் அம்மாவைப் பார்த்தான்.

"என்ன பரிச்சடி?" என்றாள் மாமியார் மங்களாம்பிகை. தெரியாமல் ஒன்றும் கேட்கவில்லை.

"குரூப் ஃபோர்தான் அத்தை. ஹால் டிக்கெட்டு அவரு இருக்கும்போதே வந்துடுச்சு. தஞ்சாவூர்ல சென்டர் போட்டிருக்காங்க."

"அண்ணி, மூணு மாசத்துக்கு நீங்க வாசப்படி தாண்டக் கூடாது," என்றான் நாகநாதன். "நானா சொல்றேன்? காலங்காலமா இருக்கிற முறை."

பந்தியில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. முறை என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டிவிடலாம், அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

பூர்ணிமா ஒரு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் பாபநாசத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி வகுப்பில் படித்தவள். எல்லாப் பாடத்திலும் அவளுக்குப் பிடித்துப்போனது அரசியலமைப்புதான். பன்னிரண்டாவதோடு கல்யாணமாகி, நாற்றும் மாடும் அடுப்பும் என்று இருபது வருஷம் கழித்தவள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், பதினான்காவது பிரிவு என்று வாத்தியார் பலகையில் எழுதியபோது, "அப்படின்னு எழுதியே வெச்சிருக்காங்களா சார்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும்! அன்றிலிருந்து அந்தப் பாடம் மட்டும் சொந்தக்காரர் வீட்டு விஷயம் மாதிரி அவள் மனசில் நின்றது. எந்தத் திருத்தத்தில் ஓட்டுப் போடும் வயது பதினெட்டானது, எதில் சொத்துரிமை அடிப்படை உரிமைகளை விட்டு வெளியே போனது, எதில் ஊராட்சிகளுக்கு உயிர் வந்தது என்றெல்லாம் குழம்பு கொதிக்கிற நேரத்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள்.

தமிழரசனுக்கு இது பெரிய வேடிக்கை. குழம்பில் உப்பு குறைந்தால், "கலெக்டரம்மா, இதுக்கு ஒரு திருத்தம் கொண்டாரப்படாதா?" என்பான். கேலி செய்வானே தவிர, வகுப்பு நாளில் விடிந்ததும் பைக்கைத் துடைத்துவைத்து பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவதும் அவன்தான். "பாஸ் பண்ணிட்டா என்னைய உன் ஆபீசுல பியூனா சேத்துக்க," என்று நாலு பேர் கேட்கச் சொல்வான். அப்படிப்பட்டவன், குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போன இடத்தில், மாரைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டான். இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது? ஆனால் பத்தாவது படிக்கிற மகள் கவிப்ரியா பூர்ணிமாவின் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். நிலம் குத்தகை நிலம், உழுகிறவன் இல்லாமல் அடுத்த போகம் அவர்களுக்குக் கிடையாது. இந்த ஒரு பரீட்சைதான் கையில் மிச்சம். அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

முறை, முறை என்கிறார்களே, இந்த ஒன்பது நாளில் அந்த முறை பட்ட பாட்டை அவள் மூலையிலிருந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செத்தவரை அன்றைக்கே எடுத்துவிட வேண்டுமென்பது முறை. நாகநாதன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டுமே என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எடுக்கிறவரை வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எரியவில்லைதான், பரோட்டா பார்சல் வந்தது. பாடை கட்ட ஆளில்லை என்று சீரியல் லைட் போட்ட வண்டி வந்தது. குளம் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததால் குளக்கரைச் சடங்கெல்லாம் பம்புசெட்டுத் தொட்டியில் முடிந்தது. பதினாறாம் நாள் செய்ய வேண்டிய கருமாதி ஒன்பதாம் நாளுக்கு ஓடி வந்தது, ஏனென்றால் நாகநாதனுக்கு லீவு அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து மொட்டை. அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் தம்பிதான் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவன் தலையை மழித்துக்கொள்ள வேண்டும். "மொட்ட அடிச்சுக்கிட்டுப் போனா பாஸ்போர்ட் போட்டோவும் மொகமும் ஒத்துப்போகாதும்மா. ஏர்போர்ட்ல நிறுத்திடுவான்," என்றான் அவன். மங்களாம்பிகையே போய்க் காரியம் செய்துவைக்க வந்த ஐயரிடம் பேசினாள். "புள்ள பொழப்பு கெட்டுடக் கூடாதுங்க சாமி." ஐயர் சற்று யோசித்துவிட்டு, பின்னந்தலையில் ஒரு கொத்து முடியை நறுக்கினால் போதும் என்றார். பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி. செத்தவன்கூட ஒப்புக்கொண்டிருப்பான் என்றார் ஒரு பங்காளி.

இதையெல்லாம் மனசில் போட்டு வைத்திருந்த பூர்ணிமா இப்போது மெதுவாகக் கேட்டாள். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இந்த ஒம்போது நாளா எல்லாத்தையும்தானே மாத்துனோம். இதையும் மாத்திக்கலாமில்ல?"

"அதும் இதும் ஒண்ணா அண்ணி? அதெல்லாம் அவசரத்துக்கு."

"எனக்கும் அவசரந்தான். ஞாயித்துக்கிழம விட்டா இல்ல."

நாகநாதன் கை கழுவிவிட்டு வந்து செல்போனை எடுத்துத் தேய்த்தான். அண்ணிமேல் பாசம் இல்லாதவன் இல்லை. "அடுத்த வருஷம் எழுதுங்க. அது இன்னும் நல்லது. ஆதரவற்ற விதவைன்னா தனி ஒதுக்கீடே இருக்காம், இந்தா பாருங்க, போட்டிருக்கான்."

அடப்பாவி! அண்ணிக்காக அவன் தேடிக் கண்டுபிடித்த ஒரே உரிமை இதுதான்.

"நீங்கள்லாம் இருக்கும்போது நான் எப்படித் தம்பி ஆதரவற்றவ ஆவேன்?" என்றாள் பூர்ணிமா.

மங்களாம்பிகை பாய்ந்தாள். "போதும் நிறுத்துடி. நான் முப்பது வயசுல தாலியறுத்து உக்காந்தவ. ரெண்டு புள்ளைய வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் தெருவப் பாக்கல. எனக்கு எவ வந்து திருத்துனா?"

பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் ஒரு பாடம் நடத்தியிருந்தார். அரசியலமைப்பில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் தொடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பார். அடிப்படைக் கட்டமைப்பு என்றால் என்னவென்று அப்போது அவளுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. இப்போது நன்றாகவே விளங்கிவிட்டது. இந்த வீட்டில் பாடையைத் திருத்தலாம், குளத்தைத் திருத்தலாம், பதினாறாம் நாளையும் மொட்டையையும் திருத்தலாம். மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை மட்டும் திருத்த முடியாது. அதில் கைவைத்தால் கூரையே சரிந்துவிடும்போல் எல்லாரும் பதறுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாகநாதன் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் கிளம்பினான். கார் தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது, பின்சீட்டு முழுக்கக் காலி. ஆனால் பயணம் போகிறவன் எதிரில் அண்ணி வந்து நிற்கலாமா? கார் தெருமுனை தாண்டும் வரை அறையைவிட்டு வரக் கூடாதென்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளும் வரவில்லை. கார் சத்தம் அடங்கியதும் தலை சீவி, வெளிர்நீலப் புடவை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஹால் டிக்கெட், ஆதார் அட்டை, இரண்டு கறுப்புப் பேனா எல்லாம் கவிப்ரியா ராத்திரியே எடுத்துவைத்திருந்தாள்.

கூடத்தில் மங்களாம்பிகை நின்றாள். கத்தப்போகிறாள் என்று பூர்ணிமா நினைத்தாள். அவள் கத்தவில்லை.

"போறதுன்னு ஆயிடுச்சு. கொல்லப்பக்கமா போயிடு. அங்க யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மாமியாரால் முடிந்த திருத்தம் அவ்வளவுதான். ஒரு வருஷம் தெருவையே பார்க்காதவள் அதைச் சொல்லவும் எவ்வளவு யோசித்திருப்பாள் என்று பூர்ணிமாவுக்குப் புரிந்தது. "பஸ்சு வாசப்பக்கந்தான் அத்தை வருது," என்று மட்டும் சொன்னாள். முன்வாசலில் தமிழரசனுடைய பைக் தூசி படிந்து நின்றது. அதன் சீட்டை ஒரு தரம் தொட்டபோது கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே பால் கேனோடு வந்தவர் அவளைப் பார்த்ததும் சைக்கிளை ஓரம்கட்டி நிறுத்தி, அவள் கடந்துபோன பிறகு ஏறினார்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த அறையின் கண்காணிப்பாளர் ஓர் இளம் பெண். ஒவ்வொரு மேசையாக வந்து ஹால் டிக்கெட்டையும் ஆளையும் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பூர்ணிமாவின் மேசைக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

"இது நீங்களா?"

ஹால் டிக்கெட்டில் இருந்த முகத்துக்குத் தலை நிறைய மல்லிகை, நெற்றியில் நல்ல பெரிய வட்டப் பொட்டு. ஸ்டுடியோக்காரரிடம், "கலெக்டராவப்போற மூஞ்சி, வெளிச்சமா எடுப்பா," என்று தமிழரசன் சொன்னதில் பாதிச் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றுபோன படம் அது. மேசை முன் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த முகம் இல்லை. ஆதார் அட்டையைக் கொடுத்தாள். அதிலும் பொட்டு.

"ரெண்டுலயும் வேற மாதிரி இருக்கீங்களேம்மா. ஒரு பொட்டாவது வெச்சுக்கிட்டு வந்திருக்கக் கூடாதா? போட்டோல உள்ளபடி இருக்கணும். ஆள்மாறாட்டம்னு நாளைக்கு யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும். இருங்க, சீஃப் சூப்பிரண்டக் கூப்பிடுறேன்."

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் செத்துட்டாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் உச்சுக்கொட்டிவிட்டு உடனே கையெழுத்துப் போட்டிருப்பாள். வார்த்தை தொண்டை வரை வந்தும்விட்டது. வேண்டாம் என்று பூர்ணிமா அதை விழுங்கினாள். ஊரில் அத்தனை பேரும் அந்த ஒரு அடையாளத்தைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள், அதை இங்கேயும் நீட்ட அவளுக்கு மனமில்லை.

"ஒரு நிமிஷம் மேடம்."

கறுப்புப் பேனாவைத் திறந்தாள். விடைத்தாளில் வட்டத்தை எப்படி நிரப்ப வேண்டுமென்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்களோ, அப்படியே, நெற்றியில் ஒரு வட்டம் போட்டு, வெளியே வழியாமல் உள்ளே நிரப்பினாள். கண்ணாடி தேவைப்படவில்லை. இருபது வருஷமாக விரலுக்குத் தெரிந்த இடம்.

"இப்பப் பாருங்க."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி அவள் முகம் மாறியது. "இப்ப சரி," என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். இந்நேரம் திருச்சியில் நாகநாதனும் முடி கலையாமல், படமும் முகமும் ஒத்துப்போய் உள்ளே போயிருப்பான். கேள்வித்தாள் வந்தது. அரசியலமைப்புக் கேள்விகள் நடுவில் இருந்தன, பூர்ணிமா அவற்றிலிருந்து ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அவள் முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் வந்தபோது மங்களாம்பிகை பதறி எழுந்தாள்.

"என்னடி அது, நெத்தியில கறுப்பா?"

"பொட்டு அத்தை. போட்டோல உள்ளபடி மொகம் இருந்தாத்தான் பரிச்ச எழுத விடுவாங்களாம். தம்பி மொட்டைக்கு ஐயர்கிட்ட சொன்னீங்களே, அதே கததான்."

புள்ள பொழப்பு கெட்டுடக் கூடாதென்று ஐயரிடம் வாதாடிய வாய், இதற்கு என்ன சொல்லும்?

"சரி, அதான் பரிச்ச முடிஞ்சுடுச்சே," என்றாள் கடைசியில். "சீயக்காயப் போட்டுத் தேய்ச்சா போயிடும்."

"போயிடும் அத்தை. நாளைக்கு வேற வெச்சுக்கிடுவேன். ஆதாரு, பேங்க் புக்கு, ஓட்டர் கார்டு, எல்லாத்துலயும் பொட்டோடதான் இருக்கேன். அது இல்லாட்டி நான் யாருன்னு வெளிய ஒருத்தருக்கும் தெரியாது போல."

சொல்லிவிட்டுக் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது மாமியார் அலமாரியைத் திறந்து, தன்னுடைய அட்டைகளையெல்லாம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முப்பது வயதுக்குப் பிறகு, வெறும் நெற்றியோடு எடுத்த படங்கள். அவள் கல்யாணத்தில் போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எங்கிட்ட அப்படி ஒரு போட்டோகூட இல்லயேடி," என்றாள்.