மேல்தட்டில் ஓர் இடம்

நயினாதீவுக்குப் போகும் படகின் மேல்தட்டில் றஜீபன் தன் பையை வைத்து மேரிசுகந்திக்கு இடம் பிடித்திருப்பான். மாசி கழிந்த கடல் பச்சைக் கண்ணாடி போலக் கிடக்கும். எஞ்சின் ஒரே சுருதியில் முனகும். வெயிலும் உப்புக்காற்றும் கண்ணைச் சொருக வைக்க, தான் பேசுவது தனக்கே எங்கோ தூரத்தில் கேட்பது போல அவளுக்கு இருக்கும்.

அவள் தீவில் மருத்துவமாது. சுருவில் ஊரிலிருந்து படகேறி வந்து, பிள்ளைத்தாச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். அவன் அங்கே குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பூட்ட யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். கெட்டவன் இல்லை. அவள் சொல்வதை அவன் கேட்டான், அவ்வளவுதான். எந்த வீட்டில் குழந்தை பால் குடிக்க மறுத்தது, எந்தப் பெண் அழுதாள் என்று அவள் சொல்லச் சொல்ல, "பிறகு?" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் நாள் முழுவதும் கதை சேர்த்தாள்.

வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. கணவன் டெனிஸ்ரன் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் காது போய்விட்டது. அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவன் பேச்சை அறிவான். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்து, அவள் சொல்வதையே குறைத்துவிட்டாள்.

ஒரு வியாழன் திரும்பும் படகில் றஜீபன் மெல்லிய குரலில் சொன்னான்: "சனிக்கிழமை காரைநகர்க் கடற்கரைக்கு வாருமன். ஆறுதலாயிருந்து கதைப்பம்."

அதுவரை 'நீங்கள்' என்றவன் நெருக்கமாய் 'நீர்' என்றது அவளுக்கு இனித்தது. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீரில் வெள்ளி வெள்ளியாக வெளிச்சம் மிதந்து போனது. யாரோ தன்னைக் கைபிடித்துக் கனவுக்குள் கூட்டிப் போவது போலிருந்தது.

வீட்டு வாசலில் டெனிஸ்ரன் நின்றான். "ஏன் பிந்தினது?"

"படகு பிந்திப் போச்சு."

படகு பிந்தவில்லை. றஜீபன் வருமட்டும் முதல் படகை அவள் போகவிட்டிருந்தாள். பொய் எந்தத் தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் உதட்டையே பார்த்து நின்ற டெனிஸ்ரன் அதை அப்படியே நம்பித் தலையாட்டினான். "களைச்சுப் போனீர். தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனான்.

பொழுதுபடும் நேரத்தில் இருவரும் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டார்கள். அவள் உதடு அசைய அசைய அவனும் சொல்லி வருவான். பரலோக மந்திரத்தில், 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்ற இடத்தில் அவள் வாய் நின்றது. அவனும் நின்றான்.

"ஏன் நிப்பாட்டினனீர்?"

தவக்காலத்து முதல் ஞாயிறு வாசகம் நெஞ்சுக்குள் வந்தது. வனாந்தரத்தில் பசித்திருந்த ஆண்டவரிடம் சோதனைக்காரன் காட்டியது நஞ்சை அல்லவே, அப்பத்தைத்தானே. சோதனை பயமுறுத்திக்கொண்டு வரும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதுவோ அவள் பசியை அறிந்து, அவளுக்கென்று இடம் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பசி பொய்யில்லை. ஆனால் அதற்காக அவள் இன்று பொய் சொல்லிவிட்டாள்.

விட்ட இடத்திலிருந்து மெல்லத் தொடங்கினாள். அவனும் கூடவே சொன்னான்.

மறுநாள் றஜீபன் பையை எடுத்து இடம் விட்டான். அவள் இருக்கவில்லை.

"நான் சனிக்கிழமை வரேல்லை. இனி இதிலை இருக்கவும் மாட்டன்."

"நான் ஒரு பிழையும் செய்யேல்லையே."

"ஓம், நீங்கள் செய்யேல்லை. நான்தான் செய்யப் பாத்தனான். உங்களோடை கதைச்சுக்கொண்டு அதை மறிக்க எனக்கு ஏலாது."

அவன் முகம் வாடியது. அவளுக்கு அவனைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. அதற்குள்ளும் அதே இனிப்பு இருந்ததை உணர்ந்ததும் ஏணியில் இறங்கிக் கீழ்த்தட்டுக்குப் போனாள். டீசல் மணமும் மரக்கறிக் கடகங்களும் வெக்கையுமாயிருந்த அங்கே, கோயிலுக்குப் போகிற பெண்களுக்கு நடுவில் ஒடுங்கி இருந்தாள். கண்ணீர் வந்தது. தெய்வீக ஆறுதல் ஒன்றும் வரவில்லை. மேலே போ, மன்னிப்பாவது கேள் என்று மனம் நச்சரித்தது. "ஆண்டவரே, என்னைப் பிடிச்சுக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, படகு கரை தட்டுமட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அன்று பின்னேரம் முதல் படகிலேயே திரும்பினாள். டெனிஸ்ரனுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "நேற்று நான் சொன்னது பொய். படகு பிந்தேல்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சில சொற்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கூச்சமான சொற்களை இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் தன் காதை ஒருதரம் தடவினான்.

"கடலடியிலை நிண்டனான் எல்லே, காது போன அண்டைக்கு," என்றான் கடைசியில். "அவ்வளவு வடிவு. மேலை வர மனமில்லாமல் நிண்டிட்டன். பிறகுதான் மூச்சுக்கு ஓடி வந்தனான்." அவள் முகத்தைப் பார்த்து, "எனக்கு நோகுது" என்றான். "எண்டாலும் சொன்னீர்."

அவள் அந்தக் கதையை அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"அடியிலை என்ன இருந்தது?" என்று உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

அவன் சொல்லத் தொடங்கினான். இடையில் அவன் நின்றபோது அவள், "பிறகு?" என்றாள்.