தீவுக்குப் பூ கேட்டது

லண்டனில் கோட்டுப் போட்டவர்கள் மூன்று வருஷமாகப் பேசி முடிக்காத விஷயத்தை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வன்னியம்பட்டி மாரியம்மன் கோயிலில் சாமியிடம் பூக்கேட்டு முடித்துவிடுவது என்று கருத்தம்மாள் தீர்மானித்தாள். கடல் நடுவே இருக்கும் அந்தத் தீவு வெள்ளைக்காரனிடமே இருக்குமா, பக்கத்து நாட்டுக்குப் போகுமா என்பதுதான் பேச்சு. அவள் மகன் தவசிமுத்து அங்கே ராணுவ முகாமில் சமையல்காரன். தீவு கைமாறினால் வேலை போய்விடும் என்று அவனே சொல்லியிருந்தான்.

இரண்டு பொட்டலம். நந்தியாவட்டை வந்தால் தீவு வெள்ளைக்காரனுக்கு. செவ்வரளி வந்தால் கைமாறும், மகன் ஊர் திரும்புவான். பொட்டலம் கட்டும் வேலை மருமகள் பாண்டீஸ்வரிக்கு. ஒன்பது வருஷத்தில் தவசிமுத்து நான்கு முறை வந்திருக்கிறான். மகள் கார்த்திகா அவனை 'போன் அப்பா' என்றுதான் சொல்வாள். பாண்டீஸ்வரி இரண்டு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினாள்.  

சாமி முன் உருட்டிப் போட்டதில் ஒன்றைக் கார்த்திகா எடுத்தாள். சிவப்பு. கருத்தம்மாள் முகம் செத்துப் போனது.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட வேண்டும் என்பது வழக்கம். கருத்தம்மாளுக்குக் கை சும்மா இருக்குமா? கிணற்றடியில் பிரித்துவிட்டாள். மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, ஆத்தாளயே ஏமாத்திட்டியா?"

பாண்டீஸ்வரி கார்த்திகாவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"அம்புட்டுக்கு வேணுமாட்டி அவன்?"

"வேணும்த்தே."

கிழவி பூவைக் கிணற்றில் உதறினாள். 

சனிக்கிழமை தவசிமுத்து கூப்பிட்டான். ஒரே சிரிப்பு. "முடிஞ்சிருச்சு பாண்டி! தீவு பக்கத்து நாட்டுக்குத்தான். ஆனா முகாம் மட்டும் வெள்ளைக்காரனுக்கே குத்தகை, தொண்ணூத்தொம்பது வருஷம். கொடிதான் மாறுது, அடுப்பு மாறல. எங்க யாருக்கும் வேல போகாது."

பாண்டீஸ்வரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். போனை மாமியாரிடம் நீட்டினாள்.

பக்கத்தில் நின்று கேட்ட கருத்தம்மாள் அதை வாங்கினாள். தான் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்திருக்கிறது. சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்வாள் என்றுதான் பாண்டீஸ்வரி நினைத்தாள்.

"அது கெடக்கட்டும்லே. நீ எப்ப வருவ?"

"ரெண்டு வருஷம் ஆகும்மா..."

"அதக் கேக்கல. மொத்தமா எப்ப வருவ?"

மறுமுனையில் யாரோ வேறு பாஷையில் அவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள். பொறவு பேசுதேன் என்று அவன் வைத்துவிட்டான். கருத்தம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.