யாரும் ராஜா ஆகாத வருஷம்

பெல்கூரில் ராஜா விருந்து ஒரு காலத்தில் இருட்டிய பிறகுதான் களைகட்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கண்ணில் புரை. ஜனவரிப் பனி உறைந்த ஆற்றங்கரைச் சாலையில் இருட்டில் கார் ஓட்ட யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

ரெனே தொமூர் செயின்ட் லூயிஸிலிருந்து தனியாக வந்து இறங்கினான். வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த விருந்துக்கு மட்டும் ஊர்ப்பக்கம் தலைகாட்டுகிறவன். மாதா கோயில் மண்டப வாசலிலேயே ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கடா கிளேர்?"

"காய்ச்சல். எழுந்திருக்கவே முடியலை."

கிளேர் நவம்பரிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாற்பத்தொன்பது வயசு ஆம்பளைக்கு இதில் என்ன அவமானம் என்று கேட்பீர்கள். பெல்கூரில் பிறந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். நூற்றறுபது பேர் உள்ள ஊர். பிரெஞ்சுக்காரன் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களைத் தவிர வேறு வேடிக்கை இல்லாததால், ஒருத்தர் வீட்டுச் சங்கதிதான் மற்றவர்களுக்குக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு.

சமையலறையில் ஒதில் அத்தை கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் ஐம்பது வயசுக்குட்பட்ட அத்தனை பேரையும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிப்போய் இறக்கியவள். முப்பத்துநாலு வருஷமாக ராஜா கேக்கும் அவள் கைதான். பத்து கேக் சுட்டு, அதில் ஒன்றில் காய்ந்த மொச்சைக்கொட்டை ஒன்றை வைப்பாள். யார் துண்டில் அது வருகிறதோ அவர் அந்த வருஷத்து ராஜா. உடனே மேடையேறி, ஜோடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அடுத்த வருஷ விருந்து அந்த இரண்டு பேர் பொறுப்பு.

"இன்னைக்கு எனக்குப் பரீட்சைடா" என்றாள், கத்தியைத் துடைத்தபடி. "அக்டோபர்ல அடுப்பை அணைக்காம பூசைக்குப் போயிட்டேன். அப்புறம் ஒரு நாள் வழி தப்பி ஆத்துக் கரை மேல காரை ஏத்திட்டேன். என் மகன் ஆர்மான், சிட்டியில முதியோர் இல்லத்துல இடமே பேசி வெச்சுட்டான். நான் கெஞ்சினேன். இந்த விருந்தை ஒரு தப்பில்லாம நடத்திக் காட்டு, நான் வாயைத் திறக்கலைன்னான்."

"நீ பாத்துக்குவே அத்தை" என்றான் ரெனே, பாதிக் காதில் வாங்கிக்கொண்டு. எங்கே உட்கார்ந்தால் கிளேரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதிலேயே அவன் நினைப்பு இருந்தது.

கேக் வந்தது. பிடில்காரர் வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். எல்லோரும் ஜாக்கிரதையாக மென்றார்கள். மூன்றாவது வாயில் ரெனேயின் கடைவாய்ப் பல்லில் டக்கென்று இடித்தது.

இனி நடக்கப்போவது முழுக்க அவன் கண்முன் வந்துவிட்டது. கைதட்டுவார்கள். மேடையில் ஏற்றுவார்கள். ராணிக்குக் காய்ச்சலா, ஃபோன் போடு, ஸ்பீக்கரில் போடு, ஊரே பேசுகிறோம் என்பார்கள். கிளேர் எடுக்க மாட்டாள். எடுத்தால் அதைவிட மோசம். அவன் காப்பிக் கோப்பையைத் தூக்கி ஒரே மடக்காகக் குடித்தான். மொச்சை தொண்டையைச் சிராய்த்துக்கொண்டு இறங்கியது. ஒதில் அத்தை ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது.

தட்டுகள் காலியாயின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தை, மொச்சையைச் சூப்புல போட்டுட்டியா?" என்றார் ஒரு கிழவர். சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது.

"போட்டேனே. ரெண்டாவது கேக்குல, ஓரமா. என் கையாலதானே வெச்சேன்..."

எழுபத்தாறு வயசில் அவள் தட்டுத் தட்டாகப் போய்த் துகள்களைக் கிளறினாள். மேசைக்கடியில் குனிந்து தேடினாள். மகன் ஆர்மான் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினான். "போதும்மா. வா." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னான். ரெனே வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். அவன் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கோழை!

மறுநாள் காலை அவன் ஊரைவிட்டுக் கிளம்பிக் கரைமேட்டுச் சாலை வரை போனான். ஆற்றில் சாம்பல் நிறத் தண்ணீர், பனிக்கட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே காரை நிறுத்தினான். பிறகு திருப்பினான்.

ஒதில் அத்தை வீட்டு முன்னால் ஆர்மான் கார் டிக்கியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் முன்சீட்டில் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, போகாதே. மொச்சை எனக்குத்தான் வந்துது. நான் முழுங்கிட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நாலாங்கிளாஸ்ல, பஸ் கண்ணாடியை எவனோ உடைச்சதுக்கு, நான்தான்னு வந்து நின்னியே. அன்னைக்கும் இதே மூஞ்சிதான்."

"சத்தியமா அத்தை! கிளேர் என்னை விட்டுட்டுப் போயிட்டா. மேடையில நான் யாரைக் கூப்பிடுவேன்? அதான் முழுங்கினேன்."

"வேண்டாண்டா." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி பூரா யோசிச்சேன். ஜாடிக்குள்ள கையை விட்டது ஞாபகம் இருக்கு. கேக்குல வெச்சது இந்த வருஷமா போன வருஷமான்னுதான் தெரியலை. ஆர்மான் சொல்றது சரி. எனக்காகப் போய் அந்தப் பொண்ணு பேர்ல இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லாதே."

"ஆர்மான், நீயாவது கேளுடா!"

ஆர்மான் டிக்கியை மூடிவிட்டு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரெனேயின் தோளைத் தட்டி, காதோடு சொன்னான். "ரொம்ப நன்றிடா. ஆனா விட்டுடு. அம்மா நம்பிட்டான்னா அப்புறம் கிளப்பவே முடியாது."

கார் கிளம்பும்போது அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"காய்ச்சல்காரியைத் தனியா விட்டுட்டு இங்க நிக்கறியே, வீட்டுக்குப் போடா. சூடா ஏதாவது வெச்சுக் குடு அவளுக்கு."

"சரி அத்தை" என்றான் ரெனே.