கேட்கப் பயந்த கேள்வி

"என்ன டாக்டரம்மா, ஒரே சிரிப்பாணி?" என்று டீயை ஆற்றியபடி கேட்டான் ஆதித்தன்.

அவனும் ஞானசெல்வியும் மதுரையில் உளவியல் முதுகலை படிப்பவர்கள். நோயாளிகளோடு பேசிப் பழகும் பயிற்சிக்காகத் தேனி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். செல்வி பேசிவந்தவர்களில் மொக்கம்மாளும் ஒருத்தி.

"மொக்கம்மாளக்கா இன்னைக்குச் சிரிச்சாக ஆதி. பிள்ளை செத்த பிறகு இப்பத்தான். எனக்கு மாம்பழம் குடுத்தாக. ஆட்டைக்கூட பக்கத்து வீட்டுச் சுருளியம்மாகிட்ட நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டாகளாம்."

கிளாஸைக் கீழே வைத்தான். "பிள்ளைக்குப் பால் கறந்த ஆடா? யாரையும் தொட விடமாட்டாகன்னு நீதானே சொன்ன?"

அவள் சிரிப்பு நின்றது.

"திடீர்ச் சிரிப்பு, உசிரா வச்சிருந்ததைக் குடுக்கிறது... நல்லதுக்கில்ல செல்வி. சாகுற நினைப்பு இருக்கான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. நேராகக் கேளுங்கள் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டால் என்ற பயத்தில் அவளுக்கு வாய் வரவில்லை.

டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். ஆதித்தனின் மோட்டார் சைக்கிள் மொக்கம்மாளின் ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் பறந்தது. வீரபாண்டியில் திருவிழாக் கூட்டம். தீச்சட்டி ஏந்தியவர்கள் ஒதுங்கும் வரை செல்வி வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

வீடு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவிடுக்கில் பூச்சிமருந்து வாடை. ஆதித்தன் ஆட்களைக் கூப்பிட ஓடினான்.

"அக்கா, நான் செல்வி."

"போ தாயி. பஸ்ஸு போயிரும்."

நிதானமான குரல். செல்வி கதவை ஒட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, சாகப் போறீகளா?"

செல்வி கதவிடுக்கில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"குடிச்சிட்டீகளா?"

"இன்னும் இல்ல. தின்னியா, தூங்குனியான்னே எல்லாரும் கேட்டீக. நீயுந்தான்."

"பயந்துட்டேன்க்கா. இப்பவும் பயமாத்தான் இருக்கு. கதவத் திறங்க."

தாழ்ப்பாள் அசையவில்லை. பக்கத்து வீட்டில் ஆடு விடாமல் கத்தியது.

"ஏன் அது கத்துது?"

செல்வி வேலிப் பக்கம் பார்த்தாள். மடி கனத்த ஆட்டின் அருகே காலியான சொம்போடு சுருளியம்மாள் நின்றிருந்தாள்.

"கறக்கப் போனா உதைக்குது போல. பால் கட்டிக்கிருச்சு."

ஆடு மறுபடியும் கத்தியது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. மொக்கம்மாளின் கையில் மூடி கழற்றிய புட்டி. செல்வி இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பற்றினாள்.

"இறுக்கிப் பிடி தாயி," என்றாள் மொக்கம்மாள். "விட்டா குடிச்சிருவேன்."

தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. செல்வி பிடியைத் தளர்த்தவில்லை.